புதிய ஃபைல் தேடலில் வரவில்லையா? விண்டோஸில் உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

"நேற்று சேமித்த ஃபைல், ஃபோல்டரைத் திறந்தால் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் பெயரை அடித்தால் வரவில்லை. இண்டெக்ஸை ரீபில்ட் செய்யட்டுமா, இல்லை எவ்ரிதிங் மென்பொருளைப் போட்டுக்கொள்ளட்டுமா?" விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. அவசரத்துக்குத் தேடும் பில்லோ சான்றிதழோ கண்ணில் படாதபோது வருகிற எரிச்சல் நியாயமானது. ஆனால் இந்தக் கேள்விக்கு இணையம் முழுக்க ஒரே பதில்தான் கிடைக்கிறது: ரீபில்ட் செய், அதாவது அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டு. அந்த யோசனையை முதல் வேலையாகச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பலருக்கு அது பலன் தராது, ஒரு நாள் வீணாவதுதான் மிச்சம்.

காரணம் எளிது. நாம் தேடும்போது விண்டோஸ் டிஸ்க் முழுவதையும் அலசுவதில்லை. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல ஒரு பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கிறது. அதுதான் இண்டெக்ஸ். ஸ்டார்ட் மெனுவில் ஃபைலைத் தேடினால் இதைத்தான் புரட்டுகிறது. புதிய ஃபைல் அதில் இல்லாமல் போவதற்கு மூன்று விதமான காரணங்கள் உண்டு. அந்த ஃபைல் இருக்கும் இடம் இண்டெக்ஸின் எல்லைக்குள்ளேயே இல்லை. அல்லது எல்லைக்குள் இருந்தும் இன்னும் முறை வரவில்லை. அல்லது இண்டெக்ஸே பழுதாகிவிட்டது. ரீபில்ட் சரிசெய்வது மூன்றாவதை மட்டும்தான்.

## எதையும் தொடும் முன் ஒரு சோதனை

டெஸ்க்டாப்பில் புதிதாக ஒரு நோட்பேட் ஃபைல் போடுங்கள். வேறெங்கும் வராத ஒரு பெயராக இருக்கட்டும், 'பனங்கிழங்கு77' என்பது போல. உள்ளேயும் அதே மாதிரி ஓர் அபூர்வமான சொல்லை எழுதிச் சேமியுங்கள். எந்த ஃபோல்டரில் பிரச்சினையோ அங்கேயும் இன்னொரு பெயரில் ஒன்றைப் போடுங்கள். சில நிமிடம் கழித்து இரண்டையும் ஸ்டார்ட் மெனுவில் தேடுங்கள்.

டெஸ்க்டாப் ஃபைல் வருகிறது, மற்றது வரவில்லை என்றால் எல்லைப் பிரச்சினை. இரண்டும் வருகின்றன, ஆனால் ரொம்ப நேரம் கழித்து என்றால் தாமதம். இரண்டுமே வரவில்லை என்றால் தேடல் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) நின்றிருக்கும் அல்லது இண்டெக்ஸ் கெட்டிருக்கும். பெயரைத் தேடினால் வருகிறது, உள்ளே எழுதிய சொல்லைத் தேடினால் வரவில்லை என்றால் உள்ளடக்கத்தை இண்டெக்ஸ் செய்யும் அமைப்பில் கோளாறு.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் இண்டெக்ஸ் பொதுவாகச் சொல்லின் தொடக்கத்தை வைத்துத்தான் பொருத்திப் பார்க்கிறது. 'ஏப்ரல்பில்' என்று சேர்த்தெழுதிய பெயரை, 'பில்' என்று மட்டும் அடித்துத் தேடினால் வராமல் போகலாம். அது இண்டெக்ஸ் தவறவிட்ட ஃபைல் இல்லை. 'ஏப்ரல் பில்' என்று இடம்விட்டு எழுதியிருந்தால் வந்திருக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

வழிகளை எடைபோடும் முன் உங்கள் தேவை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் பார்ப்பவை இவை:

- பெயரை வைத்துத் தேடுவீர்களா, உள்ளே இருக்கும் சொல்லை வைத்தா? எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான்.
- சேமித்த நொடியே தெரிய வேண்டுமா, அரை மணி நேரம் போனால் பரவாயில்லையா?
- ஃபைல்கள் எங்கே இருக்கின்றன: சி டிரைவ், டி டிரைவ், பென் டிரைவ், ஆபீஸ் சர்வர்?
- கணினியின் வலு: பழைய ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? பேட்டரியில் ஓடும் லேப்டாப்பா?
- நிர்வாகி அனுமதி உங்களிடம் இருக்கிறதா? வேறு யாராவது அதே கணினியைப் பயன்படுத்துகிறார்களா?

## வழி 1: விடுபட்ட இடத்தை இண்டெக்ஸில் சேர்ப்பது

நம் ஊரில் மெஷினை அசெம்பிள் செய்து தருபவர்கள் சி டிரைவைச் சின்னதாக வைத்து, டி, ஈ என்று பிரித்துத் தருவது வழக்கம். "முக்கியமானதை எல்லாம் டி-யில் வையுங்கள், ஓஎஸ் போனாலும் ஃபைல் போகாது" என்றும் சொல்லி அனுப்புவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் விண்டோஸ் இயல்பாக இண்டெக்ஸ் செய்வது பயனர் ஃபோல்டரையும் ஸ்டார்ட் மெனுவையும்தான், அதாவது சி டிரைவின் ஒரு பகுதியை. டி டிரைவ் அதில் கிடையாது. அதனால் பழைய ஃபைல், புதிய ஃபைல் எதுவுமே ஸ்டார்ட் மெனுவில் வராது. பழையதை இருக்குமிடம் தெரிந்து நேராகப் போய்த் திறந்துவிடுகிறோம். புதியதைத்தான் தேடுகிறோம். அதனால் புதியது மட்டும் விடுபடுவதாகத் தோன்றுகிறது.

கண்ட்ரோல் பேனலில் 'இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறங்கள். மேலே இத்தனை ஐட்டம் இண்டெக்ஸ் ஆகியிருக்கிறது என்று ஓர் எண்ணிக்கை, அதன் கீழே 'இண்டெக்சிங் கம்ப்ளீட்' என்ற வரி, அதற்கும் கீழே சேர்க்கப்பட்ட இடங்களின் பட்டியல். இந்தப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். மேலே 'கம்ப்ளீட்' என்று இருப்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று பலர் மூடிவிடுகிறார்கள். பட்டியலில் உள்ள இடங்கள் வரைக்கும்தான் அந்த 'கம்ப்ளீட்'. டி டிரைவ் இல்லையென்றால் 'மாடிஃபை' அழுத்தி, டிரைவ் முழுவதையும் சேர்க்காமல், வேலை ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் டிக் செய்யுங்கள்.

கையோடு 'அட்வான்ஸ்டு' போய் 'ஃபைல் டைப்ஸ்' பக்கத்தையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு ஃபைல் வகைக்கும் பண்புகளை மட்டும் இண்டெக்ஸ் செய்வதா, உள்ளடக்கத்தையும் சேர்த்தா என்று அங்கே இருக்கும். உள்ளே இருக்கும் சொல் கிடைக்கவில்லை என்ற குறை பெரும்பாலும் இங்கே தீரும். டிரைவின் மீது வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால், ஃபைல்களின் உள்ளடக்கத்தை இண்டெக்ஸ் செய்ய அனுமதிக்கும் ஒரு டிக் பெட்டியும் இருக்கும். கணினியை வேகமாக்குகிறேன் என்று யாராவது அதை எடுத்துவிட்டிருந்தால் திரும்பப் போடுங்கள்.

மறைமுகச் செலவு குறைவு. சேர்த்த ஃபோல்டர் ஒருமுறை அலசப்படும் வரை டிஸ்க் கொஞ்சம் ஓடும். இண்டெக்ஸின் அளவு பொதுவாக, இண்டெக்ஸ் ஆகும் ஃபைல்களின் அளவில் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அது இயல்பாக சி டிரைவில்தான் உட்காரும். சி நிரம்பி வழிகிறது என்றால் 'அட்வான்ஸ்டு' பக்கத்திலேயே இண்டெக்ஸின் இருப்பிடத்தை டி-க்கு மாற்றலாம்.

பென் டிரைவுக்கும் ஆபீஸ் சர்வருக்கும் இந்த வழி சரிவராது. பென் டிரைவ் போன்றவற்றை விண்டோஸ் இயல்பாக இண்டெக்ஸ் செய்வதில்லை. மேப் செய்த நெட்வொர்க் டிரைவை, ஆஃப்லைனில் வைத்துக்கொண்டால் ஒழிய, இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது.

## வழி 2: சர்வீஸைச் சரிபார்த்துக் காத்திருப்பது

இண்டெக்ஸ் வேலையைச் செய்வது 'விண்டோஸ் சர்ச்' என்ற சர்வீஸ். கணினி வேகம் கூட்டும் மென்பொருள்களும், எஸ்எஸ்டி நீடித்து உழைக்க என்று சொல்லப்படும் குறிப்புகளும் முதலில் நிறுத்தச் சொல்வது இதைத்தான். நிறுத்தப்பட்ட நாள்வரை சேர்ந்த ஃபைல்கள் இண்டெக்ஸில் இருக்கும், அதற்குப் பிறகு வந்தவை சேராது. சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் சர்ச்' ஓடுகிறதா, தொடங்கும் முறை 'ஆட்டோமேட்டிக், டிலேய்ட் ஸ்டார்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றி 'ஸ்டார்ட்' கொடுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் 'ரீஸ்டார்ட்'.

தாமதத்தைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் கோளாறே இல்லை. நீங்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இண்டெக்ஸர் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 'பயனர் வேலை செய்வதால் வேகம் குறைக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் ஒரு வரி இண்டெக்சிங் ஆப்ஷன்ஸிலேயே தெரியும். 2020இல் வந்த, '2004' என்ற எண்ணுள்ள விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இந்த ஒதுங்கல் இன்னும் கூடியிருக்கிறது. சிபியு 80 சதவீதத்துக்கு மேல் போனாலோ, டிஸ்க் பயன்பாடு 70 சதவீதத்தைத் தாண்டினாலோ, பவர் சேவர் ஓடினாலோ அது குறைத்துக்கொள்ளும் அல்லது நிறுத்திவிடும். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் டிஸ்க் பயன்பாடு 70 சதவீதத்தைத் தாண்டுவது அன்றாடம் நடப்பது. அப்படிப்பட்ட மெஷினில் புதிய ஃபைல் பகல் முழுக்க இண்டெக்ஸ் ஆகாமல் கிடந்தால் ஆச்சரியமில்லை.

ஆக, லேப்டாப் என்றால் சார்ஜரில் போடுங்கள், வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள், எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ரீபில்டுக்குப் போவது வீண். ஏனென்றால் ரீபில்டும் அதே வேகத்தில்தான் நடக்கும், அதுவும் முதல் ஃபைலிலிருந்து.

## வழி 3: இண்டெக்ஸை ரீபில்ட் செய்வது

'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'ரீபில்ட்' பொத்தான். அழுத்தினால் இருக்கும் இண்டெக்ஸ் அழிந்து புதிதாக ஒன்று உருவாகும். நிர்வாகி அனுமதி வேண்டும்.

ரீபில்ட் சரியான மருந்தாகும் நேரங்கள் உண்டு. சர்வீஸ் ஓடுகிறது, இடம் பட்டியலில் இருக்கிறது, கணினி சும்மா கிடந்தும் எண்ணிக்கை அசையவில்லை என்றால் செய்யலாம். அழித்துவிட்ட ஃபைல்கள் தேடலில் இன்னும் வருகின்றன, இருப்பவை வரவில்லை என்றாலும் செய்யலாம். கரண்ட் போய் மெஷின் திடீரென்று அணைந்த பிறகு தேடல் குழம்பியிருந்தால் இண்டெக்ஸ் டேட்டாபேஸ் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்போதும் இதுதான் வழி.

இதன் மறைமுகச் செலவு பலருக்கும் தெரிவதில்லை. முடியும் வரை தேடல் அரைகுறையாகத்தான் இருக்கும். ஃபைல்கள் அதிகமென்றால் பல மணி நேரம் ஆகும். ஹார்டு டிஸ்க் மெஷினில் ஒரு நாளைத் தாண்டுவதும் உண்டு. கிளாசிக் அவுட்லுக் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு சங்கடம்: அதுவும் இதே இண்டெக்ஸை நம்பித்தான் மெயில்களைத் தேடுகிறது. ரீபில்ட் முடியும் வரை பழைய மெயில்களும் கிடைக்காது. ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய வாரத்தில் ஒரு கணக்காளர் இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்து, ஸ்லீப் போகாமல் வைத்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

ரீபில்ட் எல்லையை மாற்றாது. டி டிரைவ் பட்டியலில் இல்லையென்றால், முடிந்த பிறகும் இருக்காது.

## வழி 4: 'என்ஹான்ஸ்டு' முறைக்கு மாறுவது

2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10, 1903 பதிப்பிலிருந்து இருக்கும் வசதி இது. செட்டிங்ஸில் தேடல் பகுதிக்குப் போனால் 'கிளாசிக்', 'என்ஹான்ஸ்டு' என்று இரண்டு இருக்கும். கிளாசிக் என்றால் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், டெஸ்க்டாப் போன்றவை. என்ஹான்ஸ்டு என்றால் கணினி முழுவதும், வேண்டாம் என்று ஒதுக்கிய ஃபோல்டர்கள் நீங்கலாக.

ஒரே சொடுக்கில் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்று தோன்றும். எஸ்எஸ்டி, 16 ஜிபி ராம், எப்போதும் கரண்டில் இருக்கும் மெஷின் என்றால் பெரும்பாலும் தீரவும் செய்யும். எங்கே வைத்தோம் என்று நினைவில்லாதவர்களுக்கு இது நல்ல தேர்வு. ஆனால் இண்டெக்ஸில் ஏறத்தாழ 4,00,000 ஐட்டங்களைத் தாண்டினால் வேகம் குறையத் தொடங்கலாம், உச்ச அளவு 10,00,000 என்பது மைக்ரோசாஃப்டின் வழிகாட்டல். மென்பொருள் எழுதுபவர்களிடம் 'நோட் மாட்யூல்ஸ்' ஃபோல்டர்கள் நாலைந்து இருந்தாலே லட்சக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் சேர்ந்துவிடும். அவர்கள் இதை இயக்கினால், ஒதுக்கும் பட்டியலில் அந்த ஃபோல்டர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். 4 ஜிபி ராமும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள பழைய மெஷினுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே வழி 1 போதும்.

கணினி முழுவதும் என்று சொன்னாலும் விண்டோஸ், ஆப்டேட்டா போன்ற அமைப்பு ஃபோல்டர்கள் இயல்பாகவே ஒதுக்கப்பட்டிருக்கும். இது ஏன் முக்கியம் என்பதை அடுத்த வழியில் சொல்கிறேன்.

## வழி 5: எவ்ரிதிங்

வாய்ட்டூல்ஸ் தரும் இலவச மென்பொருள். பெயரை வைத்துத் தேடுபவர்களுக்கு இதைவிட நல்லது விண்டோஸில் எனக்குத் தெரிந்து இல்லை.

இதன் வேகத்துக்குக் காரணம் அது வேலை செய்யும் முறை. விண்டோஸ் டிஸ்க்குகளில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் அமைப்பில் எல்லா ஃபைல்களின் பெயரையும் கொண்ட ஒரு தலைமைப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. எவ்ரிதிங் ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து பார்க்காமல் அந்தப் பட்டியலை நேராகப் படிக்கிறது. என்டிஎஃப்எஸ் தன்னிடம் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும். அதையும் கவனித்துக்கொண்டே இருப்பதால், நீங்கள் சேமித்த உடனே ஃபைல் பட்டியலில் ஏறிவிடுகிறது. 10,00,000 ஃபைல்களை இண்டெக்ஸ் செய்ய ஏறக்குறைய ஒரு நிமிடம், 75 எம்பி ராம், 45 எம்பி டிஸ்க் இடம் என்கிறது அதன் விளக்கக் குறிப்பு. டி டிரைவா, ஈ டிரைவா என்ற பேச்சே இல்லை. உள்ளே இருக்கும் எல்லா என்டிஎஃப்எஸ் டிரைவுகளையும் தானே எடுத்துக்கொள்ளும். பெயரின் நடுப்பகுதியை அடித்தாலும் கிடைக்கும்.

புதிய ஃபைல் தொலைந்தவர்களுக்கு இதில் ஓர் அருமையான வசதி இருக்கிறது. பெயரே தெரியாவிட்டாலும் 'டேட் மாடிஃபைடு' தலைப்பைச் சொடுக்கி, புதியது மேலே வரும்படி அடுக்கிவிட்டால், கணினியில் கடைசியாகச் சேர்ந்தவையும் மாறியவையும் முதல் வரிசையில் நிற்கும். விண்டோஸே எழுதும் லாக் ஃபைல்களும் கலந்து வரும். தேடல் பெட்டியில் பிடிஎஃப் வகையை மட்டும் கேட்டால் அவை விலகிவிடும்.

பலருக்குப் பெரிய உதவியாக இருப்பது இன்னொன்று. அவுட்லுக்கில் வந்த இணைப்பைச் சேமிக்காமல் நேராகத் திறந்து, திருத்தி, 'சேவ்' கொடுத்துவிட்டால் அது ஆப்டேட்டாவுக்குள் ஒரு தற்காலிக ஃபோல்டரில் போய் உட்கார்ந்துவிடும். வாட்ஸ்அப் டெஸ்க்டாப்பின் பல பதிப்புகளிலும் திறந்து படித்த பிடிஎஃப் இப்படித்தான் ஆப்டேட்டாவுக்குள் போகிறது, டவுன்லோட்ஸுக்கு வருவதில்லை. விண்டோஸ் தேடல் ஆப்டேட்டாவை ஒதுக்கிவைப்பதால் என்ன ரீபில்ட் செய்தாலும் அது கிடைக்காது. எவ்ரிதிங்கில் கிடைக்கும். கிடைத்ததும் முதல் வேலையாக அதை டாக்குமெண்ட்ஸுக்கு நகலெடுத்து வையுங்கள், தற்காலிக ஃபோல்டர் எப்போது வேண்டுமானாலும் காலியாகலாம்.

குறைகளும் உண்டு. ஃபைலின் உள்ளே இருக்கும் சொல்லைத் தேடலாம் என்றாலும், 1.4 பதிப்பில் அதற்கு இண்டெக்ஸ் கிடையாது. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்ப்பதால் மிக மெதுவாக நடக்கும். ஸ்டார்ட் மெனு தேடல் பழையபடியேதான் இருக்கும். தனிச் சாளரத்தில் தேடிப் பழக வேண்டும். எக்ஸ்ஃபேட் என்ற வேறு அமைப்பில் உள்ள பென் டிரைவையும் நெட்வொர்க் ஃபோல்டரையும் நாமே சேர்க்க வேண்டும், அவற்றில் நடக்கும் மாற்றம் உடனே தெரியும் என்ற உறுதியும் இல்லை.

அப்புறம், பொதுக் கணினியில் ஒரு விஷயத்தை யோசித்தே ஆக வேண்டும். தலைமைப் பட்டியலை நேராகப் படிப்பதால், அந்தக் கணினியின் மற்றப் பயனர்களுடைய ஃபைல் பெயர்களும் தெரியும். ஃபைலைத் திறக்க முடியாது, பெயர் தெரியும். பெயரிலேயே நோயாளியின் பெயரோ சம்பள விவரமோ இருக்கும் இடங்களில் இது சின்ன விஷயம் இல்லை.

## வழி 6: உள்ளடக்கத்துக்கென்று தனி மென்பொருள்

ஏஜென்ட் ரான்சாக் இண்டெக்ஸே வைத்துக்கொள்வதில்லை. கேட்ட ஃபோல்டரை அப்போதே அலசும். அதனால் புதிய ஃபைல் விடுபட வழியே இல்லை. பெரிய ஃபோல்டர் என்றால் பொறுமை வேண்டும். டாக்ஃபெட்சர் திறமூல மென்பொருள். நீங்கள் காட்டும் ஃபோல்டர்களுக்கு மட்டும் தனி இண்டெக்ஸ் கட்டும். வக்கீல் ஆபீஸ், ஆய்வு மாணவர் போல ஒரே ஃபோல்டரில் ஆயிரக்கணக்கான ஆவணங்களை வைத்து உள்ளே தேடுபவர்களுக்குப் பொருந்தும். மற்றவர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

மைக்ரோசாஃப்டின் தேடல் கருவியான பவர்டாய்ஸ் ரன் போட்டால் சரியாகுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஃபைல்களைத் தேட அது விண்டோஸ் இண்டெக்ஸைத்தான் கேட்கிறது. அங்கே இல்லாதது இங்கேயும் வராது.

## ஒரே பார்வையில்

| வழி | எதைத் தீர்க்கும் | புதிய ஃபைல் தெரியும் வேகம் | உள்ளடக்கத் தேடல் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| இடத்தைச் சேர்ப்பது | டி டிரைவ் விடுபடுவது | சில நிமிடம், வேலைப்பளுவைப் பொறுத்து | உண்டு | சி டிரைவில் கொஞ்சம் இடம் |
| சர்வீஸ், காத்திருப்பு | நின்றுபோன சர்வீஸ், தாமதம் | அதேதான் | உண்டு | பொறுமை |
| ரீபில்ட் | கெட்டுப்போன இண்டெக்ஸ் | முடிந்த பிறகு பழையபடி | உண்டு | பல மணி நேரம், அவுட்லுக் தேடலும் முடங்கும் |
| என்ஹான்ஸ்டு | எங்கே வைத்தோம் என்று தெரியாதது | சில நிமிடம், பழைய மெஷினில் அதிகம் | உண்டு | டிஸ்க், பேட்டரி, பெரிய இண்டெக்ஸ் |
| எவ்ரிதிங் | பெயர்த் தேடல், ஆப்டேட்டாவில் ஒளிந்தவை | உடனே | பெயரளவுக்கு | பொதுக் கணினியில் பெயர்கள் வெளிப்படும் |
| தனி மென்பொருள் | ஆவணங்களின் உள்ளே தேடுவது | மென்பொருளைப் பொறுத்தது | இதற்காகவே உள்ளது | கற்றுக்கொள்ளும் நேரம் |

## தமிழ் ஃபைல்கள் வைத்திருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன எந்த வழியாலும் தீராத சில சிக்கல்கள் நமக்கென்று இருக்கின்றன.

முதலாவது, எழுத்துரு. பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த வேர்டு ஃபைல் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே தமிழ் கிடையாது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசை எழுத்துகள்தான். யூனிகோடில் 'அம்மா' என்று தேடினால் எந்த இண்டெக்ஸுக்கும் அது தெரியாது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பழைய எழுத்துருக்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. டிடிபி கடையிலிருந்து இன்று வாங்கி வந்த ஃபைலும் இப்படி இருக்கலாம். உள்ளடக்கத் தேடல் வேண்டுமென்றால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றித்தான் வைக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் ஃபைலின் பெயரையாவது யூனிகோடில் விளக்கமாக வையுங்கள்.

இரண்டாவது, ஒன்றுபோல் தெரிந்தாலும் குறியீட்டில் வேறான எழுத்துகள். 'ஸ்ரீ' இதற்கு நல்ல உதாரணம். யூனிகோடில் இதை 'ஸ' அடிப்படையிலும் எழுதலாம், 2005இல் சேர்க்கப்பட்ட 'ஶ' அடிப்படையிலும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத்தான் தெரியும். ஃபோனில் அடித்து அனுப்பிய 'ஸ்ரீனிவாசன்' ஒரு விதமாகவும், கணினியில் நீங்கள் தேடும் 'ஸ்ரீனிவாசன்' இன்னொரு விதமாகவும் இருந்தால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடலும் கண்டுபிடிக்காது. கொம்பும் காலும் சேர்ந்த 'ொ' போன்ற உயிர்க்குறிகளையும் ஒரே குறியாகவோ இரண்டு குறிகளாகவோ சேமிக்க முடியும். ஃபைல் பெயரை என்டிஎஃப்எஸ் அடித்தபடியே வைத்துக்கொள்ளும், திருத்தாது. சந்தேகம் வந்தால் எவ்ரிதிங்கில் 'னிவாசன்' என்று பின்பகுதியை மட்டும் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஸ்கேன் செய்த பிடிஎஃப். பட்டா, பத்திரம், மார்க் ஷீட் என்று நாம் வைத்திருப்பதில் பெரும்பகுதி வெறும் படம்தான். விண்டோஸ் 8 முதல் பிடிஎஃப் உள்ளே தேடும் வசதி கூடவே வருகிறது. ஆனால் படத்தில் தேட எழுத்தே இல்லை. ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது) செய்து வைக்க வேண்டும், இல்லையென்றால் சர்வே எண், ஊர், ஆண்டு ஆகியவற்றை ஃபைல் பெயரிலேயே எழுதிவிட வேண்டும். இரண்டாவது வழி எளிதானது, எந்தக் கணினிக்குப் போனாலும் கூடவே வரும்.

## யாருக்கு எது

வீட்டுக் கணினி, ஃபைலை எப்போதும் பெயரால்தான் தேடுவேன் என்றால்: எவ்ரிதிங் போடுங்கள், விண்டோஸ் தேடலைத் தொடவே வேண்டாம்.

ஆடிட்டர் ஆபீஸ், கடைக் கணக்கு, எல்லாம் டி டிரைவில், பில்லின் உள்ளே இருக்கும் பெயரை வைத்தும் தேட வேண்டும் என்றால்: வழி 1. அதனுடன் எவ்ரிதிங்கும் இருக்கட்டும், இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

ஒன்டிரைவ் பயன்படுத்துபவர் என்றால்: ஆன்லைனில் மட்டும் வைத்திருக்கும் ஃபைலின் பெயர் கிடைக்கும், உள்ளடக்கம் கிடைக்காது. உள்ளே தேட வேண்டிய ஃபோல்டரை 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்று மாற்றுங்கள். வேறு எதையும் சரிசெய்யத் தேவையில்லை.

தேடல் நன்றாக வேலை செய்துகொண்டிருந்து திடீரென்று ஒருநாள் குழம்பியது, சோதனை ஃபைல்கள் இரண்டும் வரவில்லை, எண்ணிக்கையும் அசையவில்லை என்றால்: சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து ஓர் இரவு பாருங்கள். மறுநாளும் அப்படியே இருந்தால் ரீபில்ட்.

ஆபீஸ் கணினி, நிர்வாகி அனுமதி இல்லை, மென்பொருளும் போட முடியாது என்றால்: எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டருக்குள்ளேயே போய்த் தேடுங்கள். இண்டெக்ஸ் ஆகாத இடத்தில் எக்ஸ்ப்ளோரர் நேரடியாக அலசும், மெதுவாக வந்தாலும் பெயர் கிடைத்துவிடும். தேடல் விருப்பங்களில் ஃபைல் உள்ளடக்கத்தையும் பார்க்கச் சொல்லும் ஒரு தேர்வு உண்டு, தேவைப்பட்டால் அதையும் இயக்கலாம். ஐடி பிரிவிடம் கேட்பதானால் "தேடல் வேலை செய்யவில்லை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "டி டிரைவில் இன்ன ஃபோல்டரை இண்டெக்ஸில் சேர்த்துத் தாருங்கள்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை.